ஏழாவது கப்

1

இடுப்பு வலிக்கவில்லை.

தோள்பட்டை வலிக்கவில்லை. முழங்கால் வலிக்கவில்லை.

அதுதான் அந்த மனிதரைப் பயமுறுத்தியது!

வாலிபத்திலிருந்து சிமெண்ட் மூட்டை சுமக்கிற உடம்பு. விடிந்தால் வலியோடுதான் எழுந்திருக்கும். வலி வந்து எழுப்பாத நாளே அதற்குக் கிடையாது. இப்போது கொஞ்ச நாளாக அந்த வலியைக் காணோம். தூக்கத்தையும் காணோம்...

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் மூட்டையோடு லாரிப் பலகைமேல் ஓடினார்!

"யோவ் பச்சத்தண்ணி! எதுக்குய்யா இந்த ஓட்டம்? லாரி என்ன றெக்கை கட்டிப் பறக்கவா போகுது?"

குடோன் வாசலில் நின்று கத்தியவர் மேஸ்திரி.

"நின்னா உடம்பு பதறுது மேஸ்திரி. ஓடுனா தேவல."

"இந்த வயசுல புது மாப்பிள்ளை கணக்கா ஓடுற. வீட்டுல என்னய்யா போடுறாங்க?"

"பச்சத்தண்ணிதான்!"

செட் மொத்தமும் சிரித்தது.

அவர் பெயரே அதுதான். சாராயம் கிடையாது. பீடி கிடையாது. டீ கூடக் கிடையாது. வீட்டிலிருந்து ஒரு நீலக் கேனில் தண்ணீர் வரும். குடிக்க அதைத் தவிர வேறு எதுவும் அந்த வாய்க்குள் போனதில்லை.

மேஸ்திரியையும் சேர்த்து ஏழு பேர் கொண்ட செட் அது. குடோனுக்கும் லாரிக்கும் நடுவே ஒரே பலகை. ஏறுகிறவன் ஏற, இறங்குகிறவன் இறங்க, நடுவில் யாரும் நிற்கக் கூடாது. யார் எத்தனை மூட்டை சுமந்தாலும் கூலி ஏழாகப் பிரியும். அபராதம் ஏழாகப் பிரியும். கான்ட்ராக்டர் திட்டினால் திட்டும் ஏழாகப் பிரியும். அதனால் ஒருவன் மெதுவாக நடந்தால்...

மற்ற ஆறு பேர் வயிற்றிலும் அடி!

பச்சத்தண்ணி கேனைத் திறந்தார். அண்ணாந்து குடித்தார்.

கசந்தது.

முகம் சுளிக்காமல் விழுங்கினார். பலகைக்குக் கீழே நின்ற மச்சினனைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. செட்டில் அவன் பெயர் ராக்கெட். வேகத்துக்கு வைத்த பெயர்.

"என்ன மாமா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல மாப்ள. மூட்டையத் தூக்கி வை."

தலையில் சும்மாட்டுத் துணியைச் சரி செய்தார். மூட்டை ஏறியது. பலகையில் கால் வைத்தார். ஒரு எட்டு... இன்னொரு எட்டு...

நெஞ்சுக்குள் யாரோ ஓங்கி மிதித்தார்கள்!

பலகையின் நடுவில் நின்றார். யாரும் நிற்கக் கூடாத இடத்தில்.

"யோவ், நிக்காதய்யா! பின்னாடி ஆள் வருது!"

அவர் திரும்பிப் பார்த்தார். எதுவோ சொல்ல வாய் திறந்தார். மூட்டையோடு கீழே விழுந்தார். மூட்டை வெடித்து, குடோன் வாசலே சாம்பல் நிறப் புகையானது.

"மாமா...!"

ராக்கெட்டின் அலறல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

"தண்ணி தெளிங்கடா! மூஞ்சில தண்ணி தெளிங்க!"

யாரோ நீலக் கேனை எடுத்தார்கள். ராக்கெட் பாய்ந்து அதைத் தட்டிவிட்டான்.

"அது வேணாம்!"

பைப்படிக்கு ஓடி இரண்டு கையிலும் தண்ணீர் அள்ளி வந்தான். மாமாவின் முகத்தில் அடித்தான். முகத்தில் அப்பியிருந்த சிமெண்ட் குழைந்து வழிந்தது.

கண் திறக்கவே இல்லை.

2

"போதை மருந்து."

இன்ஸ்பெக்டர் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டை மேஜைமேல் போட்டார். எதிரே செத்தவரின் மனைவி. பக்கத்தில் ராக்கெட்.

"ஐஸ்னு சொல்றாங்களே, அந்தச் சனியன். உன் புருஷன் ரத்தத்துல இருந்திருக்கு. தாங்காம இதயம் நின்னுபோச்சு. கொலையும் இல்ல, விபத்தும் இல்ல. அவரா தேடிக்கிட்ட சாவு."

அந்த அம்மாள் அதே குடோனில் கிழிந்த சாக்குத் தைக்கிறவள். விரல் நுனியெல்லாம் கோணி ஊசி குத்திய தழும்பு. அழுது முடித்த முகம். இனி அழத் தண்ணீர் இல்லை.

"இல்ல சார்."

"என்ன இல்ல?"

"அவரு பச்சத்தண்ணி."

"இந்த நாற்காலியில உக்கார்ந்த எல்லாப் பொண்டாட்டியும் இதையேதான் சொல்லியிருக்காங்கம்மா. ஒருத்தி, புருஷன் பாக்கெட்டுல கெடந்ததைக் கற்கண்டுன்னு என்கிட்டயே நீட்டினா."

"மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது சார். எங்க கல்யாணத்தன்னைக்கு ஒரு டம்ளர் காப்பி குடுத்தாங்க. 'பழக்கமில்ல'ன்னு என் பக்கம் தள்ளிவிட்டாரு. அவரு காசு குடுத்து அந்தக் கருமத்த வாங்கினாருன்னு எழுதினீங்கன்னா, அது பொய்யி."

"அப்ப எப்படி உள்ள போச்சு?"

"யாரோ குடுத்துருக்காங்க. அவருக்குத் தெரியாம."

ராக்கெட் அவள் தோளைத் தொட்டான்.

"அக்கா... விடுக்கா. போனவரு போயிட்டாரு. ஸ்டேஷனு, கேசுன்னு எதுக்குக்கா அலையணும்?"

அவள் திரும்பினாள். பார்வையிலேயே சுட்டாள்.

"அலைவேன்டா. ஊரெல்லாம் என்ன பேசுதுன்னு தெரியுமா? 'பச்சத்தண்ணின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான், கடைசியில பாரு'ன்னு சிரிக்குது. அந்த மனுஷன் சேர்த்து வச்சது அந்த ஒரே ஒரு பேரு. அதையும் தூக்கிக் குப்பையில போடச் சொல்றியா?"

ராக்கெட் தலையைக் குனிந்தான். முன்னங்கையைச் சொறிந்தான். இன்ஸ்பெக்டர் அந்தக் கையைப் பார்த்தார். வரிவரியாகக் கீறல். புதுசு மேல் புதுசு.

"கையில என்னடா?"

"பூச்சி கடி சார்."

"தோலுக்கு வெளியவா, உள்ளயா?"

ராக்கெட் அவசரமாகச் சட்டைக் கையை இழுத்துவிட்டான்.

"இவன் யாரு உனக்கு? கூடப் பிறந்த தம்பியா?"

"தம்பி, புள்ள எல்லாம் இவன்தான். எங்க அம்மா போனப்ப நடக்கக்கூடத் தெரியாது இவனுக்கு. எனக்குன்னு வந்த மனுஷன் இவனையும் சேர்த்துத் தூக்கிக்கிட்டாரு. அவரு தோள்மேலயே மூத்திரம் போயி வளர்ந்தவன் சார் இவன்." தம்பியின் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "அவரே கூட்டிட்டுப் போயி செட்டுல சேர்த்தாரு."

இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டை மறுபடி கையில் எடுத்தார். பேனாவை மூடினார்.

"சரிம்மா. பேரைத் திருத்த முடியுமான்னு பாக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். தோண்டினா என்ன வரும்னு எனக்கே தெரியாது."

"எது வந்தாலும் பரவால்ல சார்."

அவளுக்குத் தெரியாது, அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று!

3

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், பழைய கட்டில்கள் அடுக்கி வைத்திருந்த வராண்டாவைத் தாண்டி, ஓர் அறை. உள்ளே ஒரு குளிர்ப்பெட்டி, ஒரு மேஜை, ஓர் ஆராய்ச்சி டாக்டர்.

முப்பத்தைந்து வயதுப் பெண். குடோன் ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் 'கப்பு டாக்டர்'. ஐஸ் அடிக்கிறவர்களின் இதயம், பல், தூக்கம், குடும்பம்... ஒவ்வொன்றும் எப்படிக் கெட்டுப்போகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. குடோன் குடோனாகப் போவாள். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்ப்பாள். ஆளுக்கொரு கப்பைக் கொடுத்து, "நிரப்பிக் கொடுங்க" என்பாள்.

"யார் பேரையும் சொல்ல மாட்டேன் இன்ஸ்பெக்டர். பேரே கேக்க மாட்டோம்னு வாக்குக் குடுத்திருக்கோம். நம்பர்தான்."

"நான் பேர் கேக்கல டாக்டர். அந்தக் குடோனுக்கு நீங்க போனது உண்மையா?"

"போன மாசம்."

"என்ன கிடைச்சது?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"ஏமாற்றம்தான் கிடைச்சது. ஏழு கப் வந்தது. ஆறு கப்புல ஒரே மாதிரி சர்க்கரை. ஒரே மாதிரி ஐஸ். அச்சுல வார்த்த மாதிரி! ஆறு பேருக்கும் ஒரே அளவு நீரிழிவு வருமா?"

"ஒருத்தர் மூத்திரத்தை ஆறு பேர் பங்கு போட்டிருக்காங்க!"

"அதேதான். சுத்தமான ஆள்னு யாரையோ நம்பி வாங்கியிருக்காங்க. ஆனா அந்த ஆளும் சுத்தமில்ல."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "வாங்கினதும் வாங்கினாங்க, கலப்படமா வாங்கியிருக்காங்க பாருங்க!"

அவள் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

"ஏழாவது கப்?"

"பைப் தண்ணி."

"என்னது?"

"வெறும் குழாய்த் தண்ணி. என்னை அவ்வளவு முட்டாள்னு நெனைச்சவன் அந்த ஒருத்தன்தான்."

வெளியே ஸ்ட்ரெச்சர் ஒன்று சக்கரம் கிறீச்சிட உருண்டு போனது. அவள் மேஜைமேல் இருந்த காலிக் கப் ஒன்றைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"இன்ஸ்பெக்டர், ஒண்ணு சொல்லணும். நீங்க கேக்கல. ஆனாலும் சொல்லணும். அன்னைக்கு ஒயர் ஒட்டிப் பாத்ததுல ஒரு இதயம் ரொம்ப மோசமா இருந்தது. வயசான ஆள். மறுநாளே கூப்பிட்டிருக்கணும். யூரின் எல்லாம் பித்தலாட்டம்னு தெரிஞ்சதும் எனக்குக் கோபம். அந்தக் குடோன் சம்பந்தப்பட்ட மொத்தத்தையும் கட்டி ஓரமா வச்சிட்டேன். இன்னொரு நாள் போய்ப் புதுசா ஆரம்பிக்கலாம்னு..."

"அந்த இதயம் யாரோடது?"

"பேரு தெரியாது. கிளம்பும்போது கைகூப்பினாரு. 'டாக்டரம்மா, இப்பல்லாம் வலியே இல்ல, அது நல்லதா கெட்டதா'ன்னு கேட்டாரு. 'ரிசல்ட் வரட்டும், சொல்றேன்'னேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நீண்ட நேரம் துடைத்தாள்.

"எல்லாரும் நெனைக்கிறாங்க, இவங்க போதைக்காக அடிக்கிறாங்கன்னு. இல்ல சார். வேலைக்காக அடிக்கிறாங்க. பசி தெரியாது. வலி தெரியாது. தூக்கம் வராது. முதல் மாசம் வரம் மாதிரி இருக்கும். அப்புறம் பல் உதிரும். தோலுக்கடியில பூச்சி ஊர்ற மாதிரி இருக்கும். பொண்டாட்டி மேல சந்தேகம் வரும். இதயம் மட்டும் எதுவும் சொல்லாது. கடைசி வரைக்கும் ஓடும். ஒரு நாள் நின்னுரும்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

தோலுக்கடியில் பூச்சி...

அவர் நினைப்பில் ஒரு கை வந்து நின்றது. வரிவரியாகக் கீறல்!

4

"ஆமா சார். பங்கு போட்டோம்."

மேஸ்திரி மறைக்கவில்லை. சிமெண்ட் அடுக்குகளுக்குப் பின்னால், வெளிச்சம் எட்டாத மூலையில், இன்ஸ்பெக்டர் ஒரு காலி டிரம்மேல் உட்கார்ந்திருந்தார்.

"பேர் கேக்க மாட்டோம்னு அந்தம்மா சொன்னாங்க. நாங்க நம்பல சார். கான்ட்ராக்டர் காதுக்குப் போச்சுன்னா மறுநாளே செட்ட மாத்திருவான். அதான் பச்சத்தண்ணி கால்ல விழுந்தோம். 'உன்னோடது ஒண்ணுதான்யா சுத்தம், எல்லாருக்கும் ஊத்து'ன்னு."

"அவரு என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. 'இத்தனை வருஷம் டீ வாங்கிக் குடுத்ததில்லன்னு குறை சொன்னீங்களேடா, இந்தாங்க'ன்னு ஒரு மக்கு நிறைய குடுத்தாரு. நான்தான் கையால அளந்து சமமா ஊத்தினேன். செட்டு வழக்கம் சார்!"

பக்கத்தில் நின்ற ஒருவன் 'க்ளுக்' என்று சிரித்தான். வாயில் ஒரு பல்கூட இல்லை. முப்பது வயதுக்காரன். செட்டில் அவன் பெயர் தாத்தா!

"சிரிக்காதடா!" என்றார் மேஸ்திரி.

"அழுவுறதுக்கும் இதே வாய்தான் இருக்கு மேஸ்திரி."

இன்ஸ்பெக்டர் அவன் பக்கம் திரும்பினார். "பல்லு எங்கப்பா?"

"ஐஸ் தின்னுருச்சு சார். பல்ல மட்டுமா? ராப்பகலா தூங்காம கதவு சந்துல கண்ண வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். எவனோ என் பொண்டாட்டியப் பாக்க வர்றான்னு. எவனும் வரல சார். அவதான் போயிட்டா. எம் பொண்ணு இப்ப என்னைப் பாத்தா கட்டிலுக்கு அடியில போயி ஒளியுது."

வெளியே லாரி ஒன்று பின்வாங்கி நின்றது.

"பச்சத்தண்ணி எப்பலேருந்து ஓட ஆரம்பிச்சாரு?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

மேஸ்திரி கன்னத்தைச் சொறிந்தார்.

"நான் அந்த வார்த்தைய விட்ட பின்னாடி சார்."

"எந்த வார்த்தை?"

"அவரு ரொம்பத் தளர்ந்துட்டாரு. பலகையில ரெண்டு எட்டு வச்சா மூச்சு வாங்கும். பின்னாடி வர்றவன் மூட்டையோட நிக்கணும். செட்டுல முணுமுணுப்பு. 'இந்த லோடு முடிஞ்சதும் வேற ஆள் போட்டுக்கலாம்'னேன். அவர்கிட்ட சொல்ல மனசு வரல."

"வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"ராக்கெட்கிட்டதான். பக்குவமா எடுத்துச் சொல்லுடான்னு. அவன் கெஞ்சினான் சார். 'கொஞ்ச நாள் டைம் குடு, மாமா தேறிடுவாரு'ன்னான். சொன்ன மாதிரியே... தேறிட்டாரு..."

மேஸ்திரியின் குரல் தேய்ந்தது. அவர் தானே சொன்னதை அப்போதுதான் தானே கேட்டார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். மெதுவாகக் கேட்டார்.

"மக்கிலேருந்து ஊத்தினீங்களே... ஏழு கப்புலயுமா?"

"இல்ல சார். ஆறுதான். ராக்கெட் வேணாம்னுட்டான். 'எனக்கு நான் பாத்துக்குறேன்'னு கப்ப எடுத்துக்கிட்டு பைப்படிப் பக்கம் போனான்."

"செட்டுலேயே அதிகமா அடிக்கிறது யாரு?"

தாத்தா வெறும் வாயை மென்றபடி சொன்னான்.

"ராக்கெட்டுன்னு பேரு சும்மாவா வரும் சார்?"

5

குடோனின் கிழக்கு ஓரம். கிழிந்த சாக்குகளின் குவியல். நடுவில் உட்கார்ந்து அந்த அம்மாள் தைத்துக்கொண்டிருந்தாள். ராக்கெட் அவளுக்கு நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நூல் ஊசிக் காதில் நுழையாமல் நழுவிக்கொண்டே இருந்தது.

"ராக்கெட்!"

"சார்?"

"மாமாகிட்ட நீ ஏன் மூத்திரம் வாங்கல?"

ஊசி கீழே விழுந்தது.

"அது... வெக்கமா இருந்துச்சு சார். போயும் போயும் மாமாகிட்ட அதப் போய்..."

"அவர் தோள்மேலயே மூத்திரம் போயி வளர்ந்தவன் நீ. உனக்கென்ன புதுசா வெக்கம்?"

அக்கா தைப்பதை நிறுத்தினாள்.

"செட்டே அவர் கால்ல விழுந்துச்சு. உங்க வீட்டு மனுஷன். கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்திருப்பாரு. எல்லாரைவிடவும் உனக்குத்தான் அது அவசரம். ஆனா நீ பைப்புல புடிச்சுக் குடுத்த. ஏன்டா?"

"தோணல சார்..."

"நான் சொல்லட்டுமா? அவரு சுத்தமில்லன்னு இந்தக் குடோன்லேயே ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவருக்கே தெரியாது. உனக்குத் தெரியும்!"

ராக்கெட் எழுந்து ஓடுவான் என்று இன்ஸ்பெக்டர் எதிர்பார்த்தார். வாசலில் கான்ஸ்டபிளை நிறுத்தியிருந்தார்.

அவன் ஓடவில்லை.

முழங்காலைக் கட்டிக்கொண்டு, சாக்குக் குவியலில் முகத்தைப் புதைத்தான். முதுகு குலுங்கியது.

"கொஞ்சூண்டுதான் சார் போட்டேன்..."

அக்காவின் கையில் பாதி தைத்த சாக்கு.

"ரொம்பக் கொஞ்சூண்டு. கேன்ல. அவரைத் தூக்கிடுவேன்னு மேஸ்திரி சொன்னான் சார். செட்டுலேருந்து தூக்கிட்டா மாமா என்ன பண்ணுவாரு? அவருக்கு வேற எது தெரியும்? வெளிய உக்காந்து மத்தவன் ஏத்தறதப் பாத்துக்கிட்டே செத்துருவாரு சார். எனக்கு அது ஒடம்பு வலியப் போக்குச்சு. அவருக்கும் போக்கட்டும்னு..."

"எத்தனை நாள்டா?" இது அக்கா.

"தினமும்க்கா."

"நான் புடிச்சு வச்ச தண்ணியிலயா?"

அவன் தலையாட்டினான்.

"மாமா ஓடுனாருக்கா! நீ பாத்தியே! பழைய மாதிரி ஓடுனாரு! 'மாப்ள, வலியே இல்லடா'ன்னு சந்தோஷமா சொன்னாருக்கா. அதக் கேட்டதுக்கப்புறம் எனக்கு நிறுத்தத் தெரியல..."

தகரக் கூரைமேல் காக்கை ஒன்று நடந்தது. அதன் கால் நகம் கேட்டது.

அக்கா பேச ஆரம்பித்தாள். சத்தமில்லாமல். தனக்குத்தானே பேசுகிற மாதிரி.

"அவருக்குத் தெரியும்டா."

ராக்கெட் நிமிர்ந்தான்.

"என்னக்கா...?"

"நீ என்னமோ கலக்கறேன்னு அவருக்குத் தெரியும். ஒருநாள் சாயங்காலம் சொன்னாரு. 'தண்ணி கசக்குது. தம்பி ஏதோ சத்து மருந்து வாங்கிக் கலக்குறான் போல. நான் தளர்ந்துட்டேன்னு அவனுக்கு மனசு கேக்கல. எனக்குத் தெரியக் கூடாதுன்னு மறைக்கிறான். நீயும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத'ன்னாரு."

ராக்கெட்டின் வாய் திறந்தபடி நின்றது.

"பெருமைடா அவருக்கு! 'எனக்குச் செய்ய ஒருத்தன் இருக்கான்'னு. கசப்புத் தண்ணிய மீதி வைக்காம குடிச்சாரு. நீ காசு போட்டு வாங்கினது வீணாகக் கூடாதாம்."

பலகையில் ஏறும்முன் மாமா தன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு... அது இப்போதுதான் ராக்கெட்டுக்கு விளங்கியது. அவன் கத்தவில்லை. நெற்றியைத் தரையில் முட்டினான். மறுபடி முட்டினான். கான்ஸ்டபிள் ஓடிவந்து பிடித்தார்.

இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அந்த அம்மாளிடம் குனிந்தார்.

"அம்மா, இதை நீங்க ஸ்டேஷன்லயே சொல்லியிருக்கலாமே?"

"அன்னைக்கு எனக்கும் அது சத்து மருந்துதான் சார்."

அவள் சாக்கை மடித்து வைத்தாள். ஊசியைத் தேடி எடுத்தாள். துணியில் குத்தி வைத்தாள். எழுந்து நின்றாள்.

"சார், இப்ப எழுதுங்க."

"என்னம்மா?"

"என் புருஷன் பச்சத்தண்ணின்னு எழுதுங்க. பக்கத்துலயே இவன் பேரையும் எழுதுங்க. இவன் பேரு இல்லாம அவரு பேரு சுத்தமாகாதுன்னா... ரெண்டையும் எழுதுங்க."

"அக்கா...!"

"வா. எழுந்திரு."

தம்பியின் முகத்தில் ஒட்டியிருந்த சிமெண்டை முந்தானையால் துடைத்தாள். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, யாரோ மாதிரி இருந்தான்.

"தூங்கி எத்தனை நாளாச்சுடா?"

"தெரியலக்கா."

"போ. அங்கயாச்சும் போயித் தூங்கு."

சொல்லிவிட்டு அவள் சாக்குக் குவியலில் உட்கார்ந்தாள். புதிய தண்ணீர் எங்கிருந்தோ வந்து கண்ணில் நிறைந்தது.

6

ஜீப் கிளம்பும் நேரத்தில் குடோன் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கப்பு டாக்டர் இறங்கினாள். கையில் கப்புகள் அடுக்கிய பெட்டி.

செட் வரிசையாக நின்றது. ஏழு பேர் இருந்த வரிசை. இப்போது ஐந்து.

"முதல்ல இதயத்தைப் பாக்கணும். எல்லாருக்கும். இன்னைக்கே பாத்து இன்னைக்கே சொல்வேன்." பெட்டியைத் திறந்து ஒயரை எடுத்தாள். "போன தடவை ஒருத்தருக்குச் சொல்லாம விட்டுட்டேன்."

மேஸ்திரி கையை நீட்டினார்.

"கப்பக் குடுங்கம்மா. இந்தத் தடவ அவனவன் சொந்தச் சரக்கு."

"பேர் கேக்க மாட்டேன் மேஸ்திரி."

"கேட்டாலும் சொல்றோம்மா. இனிமே மறைக்க எங்ககிட்ட என்ன இருக்கு?"

தாத்தா கப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "டாக்டரம்மா, பல்லு மறுபடி முளைக்கிற மாதிரி ஏதாச்சும் ஆராய்ச்சி இருந்தா முதல் கப்பு என்னோடது!"

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

கடைசிக் கப்பை யாரும் எடுக்கவில்லை. பெட்டிக்குள் தனியாக நின்றது. டாக்டர் அதைப் பார்த்தாள். பிறகு ஜீப்பைப் பார்த்தாள். கம்பி வலைக்குப் பின்னால் ஒரு முகம்.

"இவர்தானா... பைப் தண்ணி?"

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். "நீங்க பேர் சொல்லல டாக்டர். உங்க வாக்கு பத்திரமா இருக்கு. காட்டிக் குடுத்தது அந்தத் தண்ணிதான்."

ராக்கெட் வலையில் நெற்றியை வைத்திருந்தான். முட்டிய இடம் வீங்கியிருந்தது.

"டாக்டரம்மா..."

"சொல்லுப்பா."

"மாமாவுக்குச் சொல்ல வேண்டியத நீங்க சொல்லல. நானும் சொல்லல. அது ரெண்டு பேராலயும் இனிமே ஆகாது."

ஜீப் உறுமியது. அவன் வலையை இறுகப் பிடித்தான்.

"ஆனா, அந்தக் கப்பத் தூக்கிப் போட்டுராதீங்கம்மா. ஜெயிலுக்கே கொண்டு வாங்க. ஆராய்ச்சிக்கு நான் ஒரு கப் மூத்திரம் பாக்கி!"